ஏரியில் நான்கு வருடமாக வால்ஐ குஞ்சு விடுகிறார்கள், தூண்டிலில் ஒன்றும் சிக்கவில்லை: சங்கத்துக்குப் பணம் கொடுப்பதில் பயன் உண்டா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் தெற்குப் பகுதியில், சுற்றிலும் 80 வீடுகள் உள்ள 250 ஏக்கர் ஏரி ஒன்றின் கரையில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். ஏரிச் சங்கம் வருடத்துக்கு வீட்டுக்கு 100 டாலர் வாங்கி, நான்கு வருடமாக வால்ஐ (walleye) என்ற வேட்டை மீனின் குஞ்சு விட்டுக்கொண்டிருக்கிறது. நீங்களும் 11 வயது மகனும் இரண்டு கோடையாகப் படகுத்துறையில் உட்கார்ந்து தக்கை கட்டி மண்புழு போடுகிறீர்கள். வந்து கடிப்பதெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் புளூகில் (bluegill) என்ற தட்டை மீன்தான். "இந்தக் குஞ்சு விடுவதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்கிறதா, பணத்தைத் தண்ணீரில் போடுகிறோமா?" என்பது உங்கள் கேள்வி. ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு விஷயம் பின்னிக்கிடக்கிறது. விட்ட வால்ஐ என்ன ஆனது என்பது ஒன்று. புளூகில் ஏன் அந்த அளவிலேயே நின்றுவிட்டது என்பது இன்னொன்று. சங்கக் கூட்டங்களில் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "மீன் இல்லை, மீன் விடு" என்று முடித்துவிடுவார்கள். அங்கேதான் பணம் வீணாகத் தொடங்குகிறது.

நான் தூத்துக்குடியில் மீன்வளம் படித்தவன். அப்புறம் இங்கே வந்து 19 வருடமாக மத்திய மேற்கு ஏரிகளில் மீன் கணக்கெடுப்பு வேலை செய்கிறேன். வசந்தத்தில் வலை, இலையுதிர் காலத்தில் இரவு முழுவதும் மின்சாரப் படகு (நீரில் மின்சாரம் பாய்ச்சி மீனை மயக்கி எண்ணுவது), குளிர்காலத்தில் உருப்பெருக்கியின் கீழே மீன் செதில், இப்படித்தான் என் வருடம் போகும். ஆனால் உங்கள் ஏரியை நான் பார்த்ததில்லை. அடியில் சரளையா சேறா, எத்தனை அடி ஆழம், பாசியும் நீர்ச்செடியும் எவ்வளவு என்று நீங்களும் எழுதவில்லை. அதனால் எந்த ஏரிக்கும் பொருந்துவதை உறுதியாகவே சொல்கிறேன். உங்கள் ஏரியைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பதை அப்படியே குறிப்பிட்டுவிடுகிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு குழப்பம் வருவது இயல்பு. கண்மாயில் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சு விடுவதைப் பார்த்து வளர்ந்திருப்போம். மழைக்குப் பின் விடுவார்கள், கோடையில் தண்ணீர் வற்றும்போது வலைபோட்டு அள்ளுவார்கள், அடுத்த மழைக்கு மறுபடியும் விடுவார்கள். அந்த மீன்கள் ஓடும் ஆற்று நீரில்தான் இனப்பெருக்கம் செய்யும், தேங்கிய கண்மாயில் செய்யாது. குஞ்சு விடவில்லையென்றால் அவை அங்கே இருக்கவே இருக்காது. அதனால் "விட்டால் மீன், விடாவிட்டால் இல்லை" என்ற கணக்கு அங்கே சரி. இங்கே ஏரி வற்றுவதில்லை, யாரும் முழுதாக அள்ளுவதும் இல்லை. புளூகில், லார்ஜ்மவுத் பாஸ், கிராப்பி, பெர்ச் எல்லாம் ஏரிக்குள்ளேயே தாமாகப் பெருகும், பெரும்பாலும் தேவைக்கு மேலேயே பெருகும். இந்த இனங்களைக் காசு கொடுத்து வாங்கி நிலைபெற்ற ஏரியில் விடுவது, காட்டில் புல் விதைப்பது போல. ஒரு ஏரி எத்தனை பவுண்டு மீனைத் தாங்கும் என்பதை அதன் தீனியும் வாழிடமும் முடிவு செய்கின்றன, நாம் லாரியில் கொண்டுவரும் எண்ணிக்கை அல்ல. குஞ்சு விடுவது ஒரே ஓர் இடத்தில்தான் உண்மையாக உதவும்: வளர்வதற்கு எல்லாம் இருந்து, பிறப்பு மட்டும் இல்லாத இடத்தில்.

வால்ஐக்குப் பல சின்ன ஏரிகளில் இதே நிலைமைதான். பனி உருகியவுடன், தண்ணீர் 42 முதல் 50 டிகிரி பாரன்ஹீட் இருக்கும்போது, இரவில் கரையோரம் வந்து அலை அடிக்கும் சரளைக் கற்கள் மேல் முட்டையைத் தூவிவிட்டுப் போய்விடும். ஒரு பவுண்டு எடைக்கு ஏறக்குறைய 25,000 முட்டை. கூடு கிடையாது, காவல் கிடையாது. கல் இடுக்கில் விழுந்து, மூன்று வாரம்போல ஆக்சிஜன் கிடைத்தால் பொரியும். அடி சேறாக இருந்தால் முட்டை மூச்சு முட்டிச் செத்துவிடும். வயல்களிலிருந்து மண் அடித்துக்கொண்டு வரும் தெற்கு விஸ்கான்சின், அயோவா, இல்லினாய் ஏரிகள் பலவற்றில் வால்ஐ நன்றாகவே வளரும், ஆனால் பிள்ளை தங்காது. அங்கே குஞ்சு விடுவதை நிறுத்தினால் சில வருடங்களில் வால்ஐ காணாமல் போகும். ஆகவே உங்கள் சங்கம் செய்வது அடிப்படையிலேயே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எந்த அளவுக் குஞ்சை, எந்த மாதத்தில், எந்த மீன்கள் நடுவே விடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூன்று விதமாக விடலாம். பொரித்துச் சில நாளே ஆன, கண்ணுக்கு நூல் துண்டு மாதிரித் தெரியும் நுண்குஞ்சை வசந்தத்தில் லட்சக்கணக்கில் விடுவது மிக மலிவு. ஜூன் மாதத்தில் ஒன்றரை இரண்டு அங்குலச் சிறு விரலிகளை (விரல் அளவுக் குஞ்சுகளை) விடலாம். கோடை முழுவதும் குளத்தில் சிறு மீன்களை இரையாகப் போட்டு வளர்த்து, செப்டம்பர் அக்டோபரில் 6 முதல் 8 அங்குலப் பெரிய விரலிகளாக விடுவது மூன்றாவது. இதில் ஒரு மீனுக்குப் பல மடங்கு செலவு, அதற்கேற்ப உயிர் பிழைப்பதும் கூடுதல். விஸ்கான்சின் மாநிலம் 2013-ல் பெரிய விரலிகளை வளர்க்கவே தனித் திட்டம் தொடங்கி, ஏக்கருக்கு 10 முதல் 20 என்ற கணக்கில் விடுகிறது. உங்கள் 250 ஏக்கருக்கு அது 2,500 முதல் 5,000 மீன். வீட்டுக்கு 100 என்றால் உங்கள் சங்கத்தின் கையில் 8,000 டாலர் இருக்கிறது. அந்தத் தொகையில் எத்தனை மீன், என்ன அளவில் வந்தன என்று ரசீதைக் கேட்டுப் பாருங்கள். "40,000 குஞ்சு விட்டோம்" என்று பெருமையாகச் சொன்னால் அவை ஜூன் மாதத்து இரண்டு அங்குலக் குஞ்சுகளாகத்தான் இருக்கும்.

இரண்டு அங்குலக் குஞ்சு என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சின்ன ஏரியில் சங்கத்தார் ஜூன் மாதம் காலையில் படகு இறக்கும் மேடையில் லாரியை நிறுத்தி, குழாய் வழியே குஞ்சை இறக்கினார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுநாள் அதே கரையில் பாஸ் மீன்களைப் பிடித்து, வயிற்றைக் கழுவி எடுத்துப் பார்த்தோம் (மீனைக் கொல்லாமலேயே இரையை வெளியே எடுக்க முடியும்). ஒன்றுக்குள் ஒன்பது வால்ஐ குஞ்சு இருந்தது. ஒரே இடத்தில் கொட்டியதும், நீர்ச்செடி அடர்ந்த கரையில் பாஸ் நிறைந்திருந்ததும்தான் காரணம். அந்த 9 என்ற எண்ணை எல்லா ஏரிக்கும் பொருத்தக் கூடாது, ஒரு நாள் ஓர் ஏரியில் கண்டது அது. ஆனால் தெளிந்த நீர், நிறைய செடி, நிறைய பாஸ், கொஞ்சம் பைக் என்ற வேட்டை மீன் என்று இருக்கும் ஏரியில் சிறு விரலி நிற்காது என்பதைத் தயங்காமல் சொல்வேன். உங்கள் மகன் புளூகிலோடு அவ்வப்போது பாஸும் பிடிக்கிறான் என்றால் அது ஒரு தகவல்.

சரி, விட்டதில் மிஞ்சியதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தூண்டிலை நம்பாதீர்கள். இலையுதிர் காலத்தில், இரவில், விளக்கு கட்டிய மின்சாரப் படகில் கரையோரமாகப் போய் மைலுக்கு எத்தனை இளம் வால்ஐ மயங்கி மேலே வருகிறது என்று எண்ணுவதுதான் வழக்கமான முறை. மாநில இயற்கைவளத் துறையின் மீன் உயிரியலாளர்கள் சுழற்சி முறையில் ஏரிகளில் இதைச் செய்கிறார்கள், அறிக்கையும் பொதுமக்களுக்கானது. உங்கள் கவுண்டிக்குப் பொறுப்பானவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும், இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது அவர்களுக்குப் பிடித்த வேலை. அறிக்கை வந்ததும் வயது அட்டவணையைப் பாருங்கள். மரத்தில் வளையம் மாதிரி மீனின் செதிலிலும் முதுகுத்துடுப்பு முள்ளிலும் காதுக்கல்லிலும் வருட வளையம் உண்டு. உங்கள் சங்கம் விட்ட வருடங்களில் பிறந்த மீன்கள் இருந்தால் பணம் வேலை செய்திருக்கலாம்.

இதில் ஒரு எளிய உத்தி உண்டு. ஒவ்வொரு வருடமும் விடாமல் ஒன்றுவிட்டு ஒரு வருடம் விடச் சொல்லுங்கள். விடாத வருடத்தில் பிறந்த வால்ஐ கிடைத்தால் ஏரியிலேயே பிறப்பு நடக்கிறது என்று அர்த்தம், உங்கள் 8,000 டாலரை வேறு வேலைக்குத் திருப்பிவிடலாம். வருடா வருடம் விட்டால் எது பிறந்தது, எது வாங்கியது என்று பிரித்தறியவே முடியாது. போன வருட வால்ஐ இந்த வருடக் குஞ்சைத் தின்னும் என்பதும் கூடவே இருக்கிற காரணம். மினசோட்டாவில் பல ஏரிகளில் இதனால்தான் ஆண்டு விட்டு ஆண்டு விடுகிறார்கள். ஆராய்ச்சிக்காக விடும்போது நுண்குஞ்சுகளை ஆக்சிடெட்ராசைக்ளின் கலந்த நீரில் சில மணி நேரம் வைத்துவிடுவோம். அந்த மருந்து காதுக்கல்லில் படிந்து, பின்னாளில் புற ஊதா ஒளியில் மஞ்சளாக ஒளிரும். பெரிய விரலி என்றால் ஒரு துடுப்பின் நுனியை வெட்டி அடையாளம் வைப்பதுண்டு. உங்கள் சங்கமே மீன் பண்ணையிடம் இதைக் கேட்கலாம், ஆனால் துறையின் உயிரியலாளரிடம் முதலில் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

குஞ்சு விட்டு மீண்ட ஏரி உண்டா என்றால், உண்டு. வடக்கு மினசோட்டாவின் ரெட் ஏரிகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். மேல், கீழ் என்று இரண்டாக ஒட்டிக்கிடக்கும் மாபெரும் நீர்நிலை அது. பெரும்பகுதி ரெட் லேக் ஒஜிப்வே மக்களுக்குச் சொந்தம். பல பத்தாண்டு வலைமீன்பிடியும் தூண்டிலும் சேர்ந்து 1990-களில் வால்ஐ இனமே அங்கே சரிந்துவிட்டது. பழங்குடி மக்கள் 1997-ல் தாங்களாகவே வணிக மீன்பிடியை நிறுத்தினார்கள். 1999-ல் மாநிலமும் அவர்களும் உடன்பட்டு வால்ஐ பிடிப்பதை முழுதாகத் தடை செய்தார்கள். 1999, 2001, 2003 என்று மூன்று முறை கோடிக்கணக்கில் நுண்குஞ்சு விட்டார்கள். கவனியுங்கள், ஒன்றுவிட்டு ஒரு வருடம். 2006-ல் மறுபடியும் மீன்பிடி திறந்தது. அதன் பிறகு அங்கே குஞ்சு விடத் தேவையே வரவில்லை, மீன்கள் தாமாகப் பெருகுகின்றன. அங்கே மிக மலிவான நுண்குஞ்சே போதுமானதாக இருந்ததற்குக் காரணம் சரளைக் கரை இருந்தது, தீனி இருந்தது, தின்ன வரும் பெரிய மீன் குறைவு. இல்லாமல் போனது தாய்மீன் மட்டும்தான். அதோடு ஏழு வருடம் ஒருவரும் பிடிக்காமல் பொறுத்திருந்தார்கள். குஞ்சு விட்ட கதையை எல்லோரும் சொல்வார்கள், பொறுத்திருந்த பாதியை விட்டுவிடுவார்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது, மேடிசன் நகரத்து மெண்டோட்டா ஏரி. 1987-லிருந்து 1999 வரை மாநிலத் துறையும் விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் சேர்ந்து சுமார் 27 லட்சம் வால்ஐ விரலிகளையும் 1.7 லட்சம் பைக் விரலிகளையும் அங்கே விட்டார்கள். நோக்கம் தூண்டில்காரர்களை மகிழ்விப்பது மட்டுமல்ல. பெரிய மீன் கூடினால், மிதவை உயிரிகளைத் தின்னும் சின்ன மீன் குறையும். அப்போது டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சி பெருகி, பச்சைப் பாசியை மேய்ந்து தண்ணீரைத் தெளியவைக்கும் என்ற எண்ணம். வால்ஐ கூடியது, தண்ணீரும் தெளிந்தது. ஆனால் முதல் கோடையிலேயே வெப்பத்தில் சிஸ்கோ என்ற சின்ன மீன் கூட்டம் கூட்டமாகச் செத்ததும் அதற்குப் பெரிய காரணம், குஞ்சுகளுக்கு மட்டும் முழுப் பெருமையும் தர முடியாது. அப்புறம் நடந்ததுதான் உங்கள் சங்கம் கவனிக்க வேண்டியது. மெண்டோட்டாவில் வால்ஐ விடுகிறார்கள் என்ற செய்தி பரவியதும் தூண்டில்காரர்கள் குவிந்துவிட்டார்கள். பிடிக்கும் அளவுக்குக் கடுமையான வரம்பு போட வேண்டியிருந்தது. வரம்பு இல்லாமல் விட்டிருந்தால் விட்ட வேகத்தில் வாரிப்போயிருக்கும். 2009-ல் முள் நீர்ப்பூச்சி என்ற வெளிநாட்டு உயிரி அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அது டாஃப்னியாவைத் தின்று, தெளிவை ஒரு மீட்டர் அளவுக்குக் குறைத்துவிட்டது. அத்தனை வருட உழைப்பை நகத்தளவுகூட இல்லாத ஒரு பூச்சி புரட்டிப்போட்டதைப் பார்த்த பிறகு, படகின் அடியைக் கழுவிக் காயவைக்காமல் இன்னொரு ஏரியில் இறக்குபவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

இப்போது உங்கள் தூண்டிலுக்கு வருகிறேன். வால்ஐ இருந்தாலும் உங்களிடம் சிக்கியிருக்காது. அதன் கண்ணுக்குள்ளே ஒளியைத் திருப்பிவிடும் ஒரு படலம் இருக்கிறது, பூனைக் கண் மாதிரி இரவில் மின்னும். மங்கல் வெளிச்சத்தில் வேட்டையாடும் மீன் அது. ஜூலை மாதப் பகலில் கரையோரச் செடி நடுவே, மண்புழுவோடு தக்கை கட்டினால் முதலில் வருவது புளூகில்தான், வால்ஐ அந்த நேரத்தில் ஆழத்தில் கிடக்கும். அதோடு வருடக் கணக்கும் இருக்கிறது. 7 அங்குலத்தில் விட்ட மீன் 15 அங்குலத்தைத் தொட மூன்று நான்கு வருடம் ஆகும். சங்கம் முதல் வருடமே பெரிய விரலி விட்டிருந்தாலும் அந்தக் கூட்டம் இப்போதுதான் பிடிக்கிற அளவுக்கு வருகிறது. இரண்டு கோடை வெறுங்கையோடு திரும்பியதை வைத்து மீன் செத்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. கணக்கெடுப்பு மட்டும்தான் சொல்லும்.

புளூகில் விஷயம் வேறு, இதில்தான் நீங்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் காசில்லாமல் செய்யக்கூடியது அதிகம். மே கடைசியிலும் ஜூனிலும், தண்ணீர் 70 டிகிரி பாரன்ஹீட்டைத் தொடும்போது, உங்கள் படகுத்துறை அருகே மணலில் வட்ட வட்டமாகத் தட்டு மாதிரிக் குழிகள் கூட்டமாகத் தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு ஆண் புளூகிலின் கூடு. அது வாலால் விசிறி, வந்து போகிற மீன்களை விரட்டி, குஞ்சு நீந்தும்வரை இரையைக்கூட மறந்து காவல் இருக்கும். குழிக் கூட்டத்துக்கு நடுவே இடம் பிடிப்பவை பெரிய ஆண்கள். அவற்றைக் கூட்டின் மேலேயே தூண்டில் போட்டு எடுப்பது மிக எளிது, கோபத்தில் எதையும் கடிக்கும். ஒரு வார இறுதியில் நான்கு வாளி நிறைய எடுத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய ஆண்கள் போனதும் சின்ன ஆண்களுக்குப் போட்டி இல்லை. இன்னும் வளர்ந்து பெரிதாகும்வரை காத்திருக்க அவசியமில்லாமல், ஐந்து அங்குலத்திலேயே பருவத்துக்கு வந்து, உண்ட தீனியை வளர்ச்சிக்குப் போடாமல் இனப்பெருக்கத்துக்குப் போட்டுவிடும். அதன் பிறகு அந்த ஏரி உள்ளங்கை மீன் ஏரிதான். மினசோட்டா அண்மை வருடங்களில் பல ஏரிகளில் ஒருவர் பிடித்து வைத்துக்கொள்ளும் புளூகில் வரம்பை 20-லிருந்து 10-க்கும் 5-க்கும் குறைத்ததன் பின்னே இருப்பது இந்தப் புரிதல். விஸ்கான்சினிலும் 2016 முதல் சில ஏரிகளில் குறைந்த வரம்பு வந்தது.

அதனால் என் வேண்டுகோள் இது. எட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட புளூகில் வந்தால், முக்கியமாகக் கூடு கட்டும் மாதங்களில், தண்ணீரில் திரும்ப விட்டுவிடுங்கள். குழம்புக்கும் வறுவலுக்கும் ஆறு, ஆறரை அங்குலத்தை எடுங்கள், ருசியில் குறைவே இல்லை. நம் ஆட்களுக்குப் பெரிய மீனைத் திரும்ப விட மனம் வராது, எனக்கும் முதலில் வரவில்லை. பாஸ் மீனையும் விட்டுவையுங்கள். சின்ன புளூகிலைத் தின்று கூட்டத்தைக் குறைப்பது பாஸ்தான். அளவான 12 அங்குல பாஸ் நிறைய இருக்கும் ஏரிகளில்தான் பெரிய புளூகில் கிடைப்பதை மறுபடியும் மறுபடியும் பார்த்திருக்கிறேன். "வால்ஐ விட்டால் புளூகிலைக் கட்டுப்படுத்தும்" என்று சங்கத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள், எல்லா ஏரியிலும் ஒருவர் சொல்வார். அது பெரிதாக நடப்பதில்லை. வால்ஐக்குப் பிடித்தது நீள உடல் பெர்ச். தட்டையாக அகன்று, முதுகில் முள்ளோடு, செடிக்குள் ஒளியும் புளூகிலைப் பிடிக்க அதன் வாயும் பழக்கமும் தோதல்ல.

இன்னொன்று, கரையில் விழுந்த மரத்தை எடுக்காதீர்கள். வீடு வாங்கியவர்கள் முதலில் செய்வது கரையைச் சுத்தம் செய்வதுதான். வடக்கு விஸ்கான்சின் வைலஸ் கவுண்டியில் லிட்டில் ராக் என்ற சின்ன ஏரியில் ஆராய்ச்சியாளர்கள் 2002-ல் ஒரு பாதியில் மட்டும் நீரில் கிடந்த மரங்களை அகற்றிப் பார்த்தார்கள். அந்தப் பாதியில் பெர்ச் ஏறக்குறைய அழிந்துபோனது, பாஸின் வளர்ச்சி குறைந்தது. மறைவிடம் போனதும் இரை மீன் எல்லாம் தின்னப்பட்டு, பிறகு தின்னவும் ஒன்றும் இல்லாமல் போனது. அதற்கு எதிர்த்திசையில் இப்போது விஸ்கான்சினில் அனுமதியோடு முழு மரங்களைக் கரையோடு கம்பியால் கட்டி நீரில் சாய்த்து வைக்கிறார்கள். உங்கள் சங்கத்தின் ஒரு வருடப் பணத்தில் இதற்கு ஒரு பங்கு ஒதுக்கினால் அந்த மரம் பல பத்தாண்டு கிடந்து வேலை செய்யும்.

சேர்ப்பதைவிட எடுப்பதால் பயன் கிடைத்த ஏரியும் உண்டு. 1870-களின் கடைசியில் அமெரிக்க மீன்வள ஆணையம் ஜெர்மனியிலிருந்து கெண்டை கொண்டுவந்து, ஏழைகளுக்கும் கிடைக்கும் நல்ல உணவு என்று ரயிலில் மாநிலம் மாநிலமாக அனுப்பியது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மீன் அடிமண்ணைக் கிளறி, செடியைப் பிடுங்கி, தண்ணீரைக் கலக்கி, இன்றும் மத்திய மேற்கு ஏரிகளைப் படுத்துகிறது. மேடிசனிலேயே விங்ரா ஏரியில் 2008-ல் வலைபோட்டுக் கெண்டையைப் பெருமளவு அள்ளியதும் தண்ணீர் தெளிந்து, செடிகள் ஆழத்துக்கும் பரவின. அதனால்தான் சங்கமோ தனி ஆளோ பொது ஏரியில் ஒரு மீன் விடவும் மாநில அனுமதியும் மீன் நோய்ச் சோதனைச் சான்றும் கட்டாயம். கரை முழுவதும் வீடுகள் இருந்தாலும் தண்ணீரும் மீனும் விஸ்கான்சின் மக்கள் எல்லோருக்கும் பொது. வைரஸ் ரத்தக்கசிவு நோய் 2007-ல் வின்னபேகோ ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு கட்டுப்பாடு இன்னும் இறுகியது. பக்கத்து ஏரியில் பிடித்ததை வாளியில் கொண்டுவந்து விடுவதோ, வீட்டுத் தொட்டித் தங்கமீனை இறக்கிவிடுவதோ வேண்டவே வேண்டாம். மகனிடமும் சொல்லிவையுங்கள். உங்கள் சங்கத்திடம் அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இங்கே வரைக்கும் சொன்னவற்றில் பெரும்பாலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி வருவது உறுதி குறைந்தது. விஸ்கான்சினில் கடந்த சில பத்தாண்டுகளாகப் பல ஏரிகளில் வால்ஐ பிறப்பு குறைந்து, பாஸ் கூடிவருகிறது. வெப்பம் கூடுவது, தண்ணீர் தெளிவது, பாஸ் பெருகுவது, முன்பு அதிகமாகப் பிடித்தது என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட நான் துணியமாட்டேன், ஒரு ஏரியில் பொருந்தியது அடுத்த ஏரியில் பொருந்துவதில்லை. நீண்ட பதிவு உள்ள இடங்களில்கூட இது எளிதாகப் பிடிபடுவதில்லை. வடக்கு விஸ்கான்சினின் எஸ்கனாபா ஏரியில் 1946 முதல் தூண்டில் போட வருகிற ஒவ்வொருவரும் பதிவு செய்துவிட்டுத்தான் போகிறார்கள். அத்தனை வருடக் கணக்கிலும் வால்ஐ குஞ்சு ஒரு வசந்தத்தில் குவியும், அடுத்த வசந்தத்தில் ஒன்றுமே இருக்காது, தாய்மீன் எண்ணிக்கை அதேதான். உங்கள் ஏரி வால்ஐ ஏரியாக இருந்து பாஸ் ஏரியாக மாறிக்கொண்டிருக்கிறது என்றால், எத்தனை பெரிய விரலி விட்டாலும் கைக்கு வருவது குறைந்துகொண்டே போகும். அப்படி ஒரு நிலை வந்தால் நல்ல பாஸ் ஏரியாக, நல்ல புளூகில் ஏரியாக அதை வைத்துக்கொள்வதே சரி என்று நான் நினைக்கிறேன். இது என் கருத்து. வால்ஐக்காகவே அங்கே வீடு வாங்கிய உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளாமல் போகலாம்.

பணம் கொடுக்கலாமா என்று நேராகக் கேட்டீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வருடம் கொடுப்பேன், ஆனால் கூட்டத்தில் எழுந்து பேசிவிட்டுத்தான் கொடுப்பேன். ஜூன் குஞ்சை நிறுத்தி அக்டோபர் விரலிக்கு மாறுவது, ஒன்றுவிட்டு ஒரு வருடம் விடுவது, இடையில் வரும் வருடத்துப் பணத்தை மரம் சாய்க்கவும் கரையோரச் செடி காக்கவும் வைப்பது, நான்கு வருடம் கழித்துக் கணக்கெடுப்பில் விட்ட மீன் தெரியவில்லையென்றால் நிறுத்திவிடுவது. இதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் பிறகு மனவருத்தம் வராது. ஏற்கெனவே பெரிய விரலிதான் விடுகிறார்கள் என்றால் சண்டை வேண்டாம், அறிக்கை வரும்வரை பொறுங்கள்.

மகனுக்காக ஒன்று. அவனுக்கு 16 வயது ஆகும்வரை விஸ்கான்சினில் உரிமம் தேவையில்லை, உங்களுக்குத் தேவை. மே மாதத்து முதல் சனிக்கிழமை பருவம் திறந்ததும், அல்லது செப்டம்பர் கடைசியில், சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னே போய் இருட்டியபின் ஒரு மணி நேரம் இருங்கள். காற்று எந்தக் கரையில் அலையை அடிக்கிறதோ அந்தக் கரையில், அதிலும் கல் கிடக்கும் முனையில் நில்லுங்கள். எட்டு பத்து அடி ஆழம், சின்ன ஈய ஜிக்கில் (ஈயக் குண்டு பதித்த தூண்டில் முள்) மின்னோ என்ற சின்ன இரை மீன் ஒன்று, அடியை ஒட்டி மெதுவாக. பெரிய வால்ஐ சிக்கினால் விட்டுவிடுங்கள். அதில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும், பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. அப்புறம் படகுத்துறைப் பலகையில் ஒரு அளவு நாடாவை ஆணி அடித்து ஒட்டிவையுங்கள். புளூகில் உட்பட பிடிக்கிற ஒவ்வொரு மீனின் நீளத்தையும் தேதியையும் அவனையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு கோடையில் இருநூறு புளூகில் அளந்துவிடுவான். அந்த நோட்டைக் கவுண்டி உயிரியலாளரிடம் காட்டினால், உங்கள் ஏரியின் புளூகில் எந்த அங்குலத்தில் நின்றுபோகிறது என்று அவர் அங்கேயே விரல் வைத்துக் காட்டிவிடுவார்.